பால் கடத்தும், ரப்பர் தடுக்கும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய பிரிக்பீல்ட்ஸ் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இம்மேசையின்மீது பத்துக் கண்ணாடிக் குவளைகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சிலவற்றில் உள்ள நீர் தெளிந்து காணப்படுகின்றது. ஒன்று கலங்கியுள்ளது. ஒன்றில் எண்ணெய் இருக்கின்றது. கடைசிக் குவளையில் இருப்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை; விடியுமுன் எழுந்து நிரைக்குச் சென்று நீங்கள் நாள்தோறும் வெட்டி எடுக்கும் ரப்பர் பால்தான் அது. இப்பத்தினுள் எவை மின்சாரத்தைக் கடத்தும், எவை கடத்தமாட்டா என்று கண்ணால் பார்த்துக் கூற இயலுமா? இயலாது. கண்ணுக்குத் தெரியாத அந்த வேறுபாட்டை அறிந்து வைத்திருப்பது, மழைக்காலத்தில் ஓர் உயிரைக் காக்கக்கூடும். ஆகையால் இன்று அதனை உங்கள் முன்னிலையிலேயே சோதித்துக் காட்ட வந்துள்ளோம்.

சோதனைக்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில. 9 வோல்ட் பேட்டரி ஒன்று, சிவப்பு நிற எல்.ஈ.டி. விளக்கு ஒன்று, 470 ஓம் மின்தடை ஒன்று, சிறிது கம்பி, இரு பென்சில்களின் கரிக்குச்சிகள் ஆகியவையே அவை. இவ்வூரிலேயே கடைகளில் வாங்கினோம். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து வரும் கம்பி, மின்தடையையும் விளக்கையும் கடந்து ஒரு கரிக்குச்சியில் முடிகின்றது. மறுமுனையிலிருந்து வரும் கம்பி அடுத்த கரிக்குச்சியில் முடிகின்றது. இரு குச்சிகளையும் ஒன்றோடொன்று தொடவிடாமல் நீர்மத்தில் அமிழ்த்தினால், அந்நீர்மம் மின்சாரத்தைக் கடத்துமாயின் விளக்கு எரியும்; கடத்தாதாயின் எரியாது.

பிள்ளைகள் வீட்டில் இதனைச் செய்ய விரும்பினால் பெற்றோர் ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். சோதனை பேட்டரியோடு நிற்க வேண்டும். சுவரில் உள்ள மின்சாரத்தை எக்காரணத்தைக் கொண்டும் இதற்குப் பயன்படுத்தலாகாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்று தீப்பற்றும் நீர்மங்களையும் சோதிக்கக் கூடாது. உப்பு நீரில் மின்சாரம் பாயும்போது குளோரின் என்னும் காரமான வாயு சிறிதளவு எழும்புமாதலால், காற்றோட்டமுள்ள இடத்தில் சில விநாடிகள் மட்டுமே குச்சிகளை அமிழ்த்தி எடுக்க வேண்டும்.

இனி முதல் ஐந்து குவளைகளைக் காண்போம். இவை யாவும் நீரே. ஆயினும் ஐந்தும் ஒன்றல்ல.

முதற்குவளையில் இருப்பது லாரி பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர். குச்சிகளை அமிழ்த்துகின்றோம், விளக்கில் ஒளியே இல்லை. இரண்டாவது, கூரையிலிருந்து பிடித்த மழைநீர். மண்டபத்து விளக்கை அணைத்துவிட்டு உற்று நோக்கினால் ஒரு சிறு மினுக்குத் தெரிகின்றது. மூன்றாவது, குழாய் நீர். ஒளி மங்கலாயினும் ஐயமின்றித் தெரிகின்றது. நான்காவது, இப்பகுதியை ஒட்டி ஓடும் கிள்ளான் ஆற்றில் மொண்ட நீர். ஒளி மேலும் கூடுகின்றது. ஐந்தாவது, அதே ஆறு சென்று கடலோடு கலக்குமிடமாகிய கிள்ளான் துறைமுகத்தில் எடுத்த கடல் நீர். விளக்கு முழு ஒளியுடன் எரிவதைப் பின்வரிசையில் அமர்ந்திருப்போரும் காண்கின்றீர்கள்.

வானிலிருந்து விழுந்த நீர், மண்ணையும் கல்லையும் கழுவிக்கொண்டு, ஊர்களின் கழிவுகளையும் ஏந்திக்கொண்டு கடலை அடையும் வரை, ஒவ்வோர் அடியிலும் எதையோ தன்னுள் கரைத்துக்கொள்கின்றது. கரைந்த பொருள் பெருகப் பெருக ஒளியும் பெருகுகின்றது. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 30 முதல் 35 கிராம் வரை உப்புகள் கரைந்துள்ளன. ஆகவே மின்சாரத்தை எளிதில் கடத்துவது தூய நீரன்று. அதனுள் கரைந்திருக்கும் பொருளே அதற்குக் காரணம்.

கரைந்த பொருள் எதுவாயினும் இவ்வாறு செய்யுமா? ஆறாவது, ஏழாவது குவளைகள் இதற்கு விடையளிக்கும். இரண்டிலும் வடிநீரே ஊற்றினோம். ஒன்றில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையையும் மற்றதில் ஒரு தேக்கரண்டி உப்பையும் கரைத்தோம். சர்க்கரை நீரில் விளக்கு எரியவில்லை. உப்பு நீரில் முழு ஒளியுடன் எரிகின்றது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே உள்ளன.

இதன் காரணத்தை உங்கள் வேலையைக் கொண்டே விளக்கலாம். காட்டிலிருந்து பால் ஸ்டோருக்குப் பாதை இருக்கின்றது. பாதை இருந்தால் மட்டும் பால் ஸ்டோரை அடைந்துவிடுமா? வாளி சுமந்து நடக்க ஆள் வேண்டும். நீர் என்பது பாதை. உப்பு நீரில் கரையும்போது அதன் துகள்கள் இரு வகையாகப் பிரிகின்றன. ஒரு வகை நேர் மின்னேற்றம் உடையது. மற்றொரு வகை எதிர் மின்னேற்றம் உடையது. இவற்றை அயனிகள் என்பர். இவையே வாளி சுமப்போர். ஒரு சாரார் ஒரு குச்சியை நோக்கியும் மறுசாரார் எதிர்க்குச்சியை நோக்கியும் நகர, மின்சாரம் நீரின் வழியே செல்கின்றது. சர்க்கரையும் கரைகின்றது, ஆனால் அதன் துகள்கள் மின்னேற்றம் பெற்றுப் பிரிவதில்லை. பாதையில் ஆட்கள் நடமாடுகின்றார்கள். எவர் கையிலும் வாளி இல்லை.

இவ்வுண்மையை உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் சுவீடன் நாட்டைச் சேர்ந்த அர்ரேனியஸ் என்னும் அறிஞர். 1884ஆம் ஆண்டில், தமது 25ஆம் வயதில், நீர்மங்கள் மின்சாரத்தைக் கடத்துவது பற்றிய ஆய்வேட்டை உப்சாலா பல்கலைக்கழகத்தில் அவர் அளித்தார். அங்கிருந்த பேராசிரியர்கள் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. மிகத் தாழ்ந்த தரத்திலேயே தேர்ச்சி அளித்தனர். அதே கருத்துக்காக 1903ஆம் ஆண்டில் அவருக்கு வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. தாழ்ந்த மதிப்பெண் பெற்ற பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

எட்டாவது குவளையில் தேங்காய் எண்ணெய் உள்ளது. விளக்கு எரியவில்லை, எண்ணெயில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் இல்லை எனலாம். ஒன்பதாவதில் உள்ளது நீர் கலந்த ஃபார்மிக் அமிலம், நீங்கள் ஸ்டோரில் பாலை உறைய வைக்கப் பயன்படுத்தும் அதே ஆசிட்டு. விளக்கு நன்கு எரிகின்றது; எனினும் உப்பு நீரைப் போன்று அவ்வளவு பிரகாசமில்லை. இவ்வமிலத்தின் துகள்களுள் ஒரு சிறு பகுதியே அயனிகளாகப் பிரிவதுதான் காரணம். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறிவிடுகின்றோம்: அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் ஊற்றலாகாது.

இப்போது பத்தாவது குவளை. இப்பாலை, இன்றும் ரப்பர் வெட்டப்படும் தோட்டமொன்றிலிருந்து அமோனியா சேர்த்துக் கொண்டு வந்தோம். விளக்கு எரியும் என்போர் கை உயர்த்துங்கள். எரியாது என்போரே மிகுதியாக இருக்கின்றீர்கள். 'ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும் பொருளாயிற்றே, மின்கம்பத்தில் ஏறுவோர் ரப்பர் கையுறைதானே அணிகின்றார்கள்' என்பது உங்கள் எண்ணம். அவ்வெண்ணத்தில் தவறில்லை. ஆயினும் பாருங்கள்: குச்சிகள் பாலில் அமிழ்ந்ததும் விளக்கு ஒளிர்கின்றது!

பால் கடத்துகின்றது. இதோ, அதே பாலிலிருந்து செய்து நன்கு உலர்த்திய ஷீட்டு ஒன்றின்மீது இரு குச்சிகளையும் அழுத்தி வைக்கின்றோம். ஒளி சிறிதும் இல்லை. பால் கடத்தும், ரப்பர் தடுக்கும். இன்று நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பாடம் இவ்விரு சொற்றொடர்களில் அடங்கியுள்ளது.

புதிய பாலில் ரப்பர் 30 முதல் 40 விழுக்காடு வரையே உள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அந்நீரில் மரம் மண்ணிலிருந்து உறிஞ்சிய உப்புகளும் வேறு பல பொருள்களும் கரைந்துள்ளன. விளக்கை எரிய வைப்பவை அவையே. ரப்பரோ மிக நுண்ணிய துகள்களாக அந்நீரில் மிதந்துகொண்டிருக்கின்றது. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் புரதமும் கொழுப்பும் கலந்த ஒரு மெல்லிய போர்வை உண்டு. அப்போர்வை எதிர் மின்னேற்றம் உடையது. ஒரே மின்னேற்றம் கொண்டவை ஒன்றையொன்று விலக்குமாதலால், துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் விலகி நிற்கின்றன; பால் பாலாகவே இருக்கின்றது.

ஃபார்மிக் அமிலத்தை ஊற்றியதும் நிகழ்வதென்ன? அமிலத்திலிருந்து பிரியும் நேர் அயனிகள், துகள்களின் எதிர் மின்னேற்றத்தை ஈடுசெய்துவிடுகின்றன. விலக்கும் ஆற்றல் போனதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. அமிலம் சேர்க்காமல் மங்கிலேயே விட்டு வைத்த பால் கட்டிப்பாலாவதற்கும் இதுவே காரணம். அங்கே நுண்கிருமிகள் பெருகித் தாமே அமிலத்தை உண்டாக்குகின்றன. அமோனியா அக்கிருமிகளை அடக்கி, துகள்களின் மின்னேற்றத்தையும் காக்கின்றது. தோட்டத்து ஸ்டோரில் பல்லாண்டுகளாக நீங்கள் கையாண்டுவரும் இவ்வேலை, மின்னேற்றங்களைக் கொண்டு செய்யும் வேலையே ஆகும்.

இவ்வறிவைப் பயன்படுத்தி, 1920ஆம் ஆண்டுகளில் மேலைநாட்டு அறிஞர்கள் பாலினுள் மின்சாரத்தைச் செலுத்தி, எதிர் மின்னேற்றமுடைய ரப்பர் துகள்களை நேர்முனையில் படியச் செய்து பொருள்கள் ஆக்கும் முறையைக் கண்டனர். நம் நாட்டில், 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ரப்பர் ஆய்வுக் கழகம் சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம் அமைத்துப் பல்லாண்டுகள் அரும்பணியாற்றியது. 1998ஆம் ஆண்டு முதல் அக்கழகம் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்துள்ளது. அமோனியா சேர்த்த பாலில் அமில அயனிகள் எவ்வளவு சேர்ந்துள்ளன என்று அளந்து அதன் தரத்தை முடிவு செய்யும் முறை, இன்றும் ரப்பர் ஆய்வுக்கூடங்களில் வழக்கில் உள்ளது.

மரத்துப் பால் மின்சாரத்துக்குத் துணைநின்ற கதை இதனினும் பழமையானது. கடல் நீர் மின்சாரத்தை எவ்வளவு எளிதில் கடத்துகின்றது என்பதை ஐந்தாவது குவளையில் கண்டோம். அப்படியாயின் கடலுக்கடியில் தந்திக் கம்பி போடுவது எங்ஙனம்? மின்சாரம் வழியிலேயே கடலில் கசிந்துவிடுமன்றோ? மலாய்க் காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பாலை உறைய வைத்துப் பெறும் கட்டாபெர்ச்சா என்னும் பொருளைச் செப்புக் கம்பியின்மீது பூசி, 1851ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடித் தந்தி அமைத்தனர். நீருக்கும் மின்சாரத்துக்கும் இடையே வேலியாக நின்றது இம்மண்ணின் மரத்துப் பாலே.

நம் நாட்டில் மின்சாரம் முதன்முதல் பணிசெய்த இடமும் நீர் நிறைந்த இடந்தான். 1894ஆம் ஆண்டில் ரவாங்கில், லோக் இயூ, தம்புசாமிப் பிள்ளை ஆகிய இருவரின் ஈயச் சுரங்கத்தில் மின்சார நீரிறைப்பான்கள் பொருத்தப்பட்டன. அடுத்த ஆண்டில் கோலாலம்பூர் இரயில் நிலையத்துக்கு மின்சாரம் வந்தது. இன்று மின்சாரமில்லாத வீடு அரிது. அதனாலேயே மின்சாரமும் நீரும் சந்திக்கும் இடங்கள் வீடுதோறும் பெருகிவிட்டன.

இனி, இம்மேசையில் வைக்க முடியாத பதினொன்றாவது குவளை ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். அது நம் உடல். நம் இரத்தம் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புள்ள நீருக்கு இணையானது. ஆகவே உடலின் உட்பகுதி மின்சாரத்தை நன்கு கடத்தும். உலர்ந்த தோல் ஒன்றே ஓரளவு தடுத்து நிற்கின்றது. வியர்வையிலோ மழையிலோ தோல் நனைந்தால் அத்தடையும் பெரிதும் குறைந்துவிடுகின்றது.

எவ்வளவு மின்னோட்டம் தீங்கு செய்யும் என்று கேட்பீர்கள். இச்சிறு சிவப்பு விளக்கு முழு ஒளியுடன் எரியும்போது அதனூடே செல்வது ஏறத்தாழ 15 மில்லி ஆம்பியர்தான். இதே அளவு மின்னோட்டம் நம் உடலினூடே பாய்ந்தால், தசைகள் இறுகி, பிடித்த கம்பியைக் கை விடமுடியாமற் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டுச் சிறிது நேரம் நீடித்தால் இதயத் துடிப்பே சீர்குலையக்கூடும். 9 வோல்ட் பேட்டரியால் உலர்ந்த தோலைக் கடந்து அவ்வளவு மின்னோட்டத்தைச் செலுத்த இயலாது. வீட்டுச் சுவரில் உள்ள 230 வோல்ட்டுக்கோ அது எளிது.

முற்காலத்தில் பள்ளிகளில் இச்சோதனையை டார்ச்சு விளக்கைக் கொண்டு செய்து காட்டுவது வழக்கம். டார்ச்சு பல்பு எரிய ஏறத்தாழ 300 மில்லி ஆம்பியர் தேவை. குழாய் நீரில் அது எரியாது. அதனைக் கண்டு, குழாய் நீர் மின்சாரத்தைக் கடத்தாது என்று எண்ணியவர் பலர். டார்ச்சு பல்பை எரிக்கப் போதாத மின்னோட்டம் ஒரு மனிதரைக் கொல்லப் போதுமானது என்பதை நாம் மறக்கலாகாது.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த பெருமழையை நீங்கள் அறிவீர்கள். ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பில் பல வீடுகள் நீரில் மூழ்கின. கிள்ளான் வட்டாரத்திலும் வெள்ளம் புகுந்தது. எங்களுள் ஒருவரின் வீட்டில் அன்று இரவு நீர் முழங்காலுக்கு மேல் ஏறி, சுவரின் தாழ்ந்த மின்செருகிகளை எட்டிவிட்டது. மெயின் சுவிட்சு வீட்டின் உட்புறத்தில் இருந்தது. அதனை அடைத்துவிட்டு வரலாம் என்று அவர் வாசற்படியில் கால் வைத்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் தோளைப் பற்றி இழுத்து, "வேண்டாம் தம்பி, பொருள் போனால் போகட்டும், கரண்டை நிறுத்தும்வரை உள்ளே போகாதே" என்று தடுத்தார். அன்று அவர் தடுத்திராவிடில் என்ன நிகழ்ந்திருக்கும் என்று எங்களால் கூற முடியாது. வெள்ள நீர் நான்காவது குவளையின் இனத்தைச் சேர்ந்தது என்பதை மட்டும் கூறுவோம். மண்ணும் சாக்கடையும் உப்பும் உரமும் அதில் கரைந்துள்ளன.

மின்சாரத்துக்கு வெள்ளம் வேண்டும் என்பதுமில்லை, ஈரமே போதும். பிரிக்பீல்ட்ஸ் என்னும் இப்பகுதிக்குப் பெயர் தந்தவை முற்காலத்தில் இங்கிருந்த செங்கற் சூளைகள். உலர்ந்த செங்கல் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. கூரை ஒழுகி நனைந்த செங்கற்சுவரோ, தன்னுள் இருக்கும் உப்புகள் கரைவதால் மின்சாரத்தைக் கசியவிடும். நனைந்த சுவரைத் தொட்டால் 'சுரீர்' என்கின்றது என்று தாய்மார்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அது சுவரின் குற்றமன்று. உள்ளே எங்கோ கம்பியின் உறை கிழிந்திருக்கின்றது என்பதற்கு அறிகுறி. அவ்வீட்டின் மின்சாரத்தை நிறுத்தித் தகுதி பெற்ற மின்பணியாளரை உடனே அழைக்க வேண்டும்.

ஆகவே அன்பர்களே, சில செய்திகளை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகின்றோம். ஈரக் கையுடன் சுவிட்சையோ மின்கருவியையோ தொடாதீர்கள். மழை வலுத்து வீட்டுக்குள் நீர் வரும் என்று தோன்றினால், தரை உலர்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அடைத்துவிடுங்கள். நீர் புகுந்த பின்னர் எவரும் உள்ளே இறங்க வேண்டாம். தெனாகா நேஷனல் நிறுவனத்துக்கு 15454 என்னும் எண்ணில் தெரிவியுங்கள். நீர் வடிந்த பின்னும், நனைந்த கருவிகளையும் கம்பிகளையும் சோதிக்காமல் மின்சாரத்தைத் திறக்க வேண்டாம்.

ரப்பர்ச் செருப்பு அணிந்திருக்கின்றோமே என்று துணிவது பெருந்தவறு. பால் கடத்தும், ரப்பர் தடுக்கும் என்றோம். உலர்ந்த ரப்பர் என்பதை அத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள். கணுக்கால் அளவு நீரில் நிற்பவருக்குச் செருப்பு எவ்விதக் காப்பும் அளிக்காது. மின்பணியாளர்கள் அணியும் கையுறை, அதற்கென்றே செய்து சோதிக்கப்பட்ட தனிப்பொருள்.

வீட்டு மின்பெட்டியில் மின்கசிவைக் கண்டறிந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்று உண்டு. கையால் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியரிலும், ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியரிலும் துண்டிக்கும் வகை நம் நாட்டில் விதிக்கப்பட்டுள்ளது. அதில் 'டெஸ்ட்' என்னும் சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதனை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிடில் அக்கருவி உங்களைக் காக்காது. குடியிருப்பு தோட்ட நிர்வாகத்துக்கு உரியதாயின், அதனை எழுத்து மூலம் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எவரேனும் மின்சாரத்தால் தாக்கப்பட்டால், பதற்றத்தில் அவரைத் தொட்டுவிடாதீர்கள். தொட்டவரும் அப்பாதையில் இன்னொரு குவளையாகிவிடுவார். உலர்ந்த இடத்தில் நின்று மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகே அருகிற் செல்லுங்கள். 999 என்னும் எண்ணை அழைத்து மருத்துவ உதவி கேளுங்கள்.

இறுதியாக ஒன்று. முதற்குவளையில் இருந்த வடிநீர் விளக்கை எரிக்கவில்லை என்பதால், நீரால் தீங்கில்லை என்று எவரும் எண்ண வேண்டாம். அவ்வளவு தூய நீர் கடைப் புட்டியில்தான் கிடைக்கும். அதில் ஒருமுறை விரலை நனைத்தால் போதும். விரலில் உள்ள வியர்வை உப்புக் கரைந்து அதுவும் கடத்தத் தொடங்கிவிடும். ஆகவே நம் வீட்டில், லயத்தில், ஸ்டோரில், ஆற்றில், தெருவில் காணும் நீர் யாவும் மின்சாரத்தைக் கடத்தும் என்றே கொண்டு நடப்போமாக.

இங்கு வந்துள்ள பிள்ளைகள், கூட்டம் முடிந்ததும் முன்னே வந்து, இளநீரையும் தேநீரையும் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். எரியுமா எரியாதா என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு சோதியுங்கள்.